சுள்ளின்னா என்ன அர்த்தம்?

“ஒரு பொம்பளையைப் பார்த்து ‘சுள்ளி’ன்னு கூப்பிடறீங்களே, உங்களுக்கே இது நல்லா இருக்கா?”

பேக்கரிக்கு மேனேஜராக வந்த முதல் நாளே அந்த அம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. எதிரே அடுப்பு மாஸ்டர், கையெல்லாம் மாவோடு, திருதிருவென்று விழித்தார்.

பக்கத்தில் நின்றவள்தான் சுள்ளி. கேக் ஆர்டர் எடுப்பவள். ஊதினால் பறந்துவிடுவாள், அவ்வளவு ஒல்லி.

“கெட்ட வார்த்தை இல்லீங்க மேடம்” என்றார் மாஸ்டர். “நம்ம அடுப்புல பெரிய விறகு லேசுல பத்தாது. சுள்ளிதான் சுள்ளுனு பத்திக்கும். அதான் அதுக்கு அந்தப் பேருன்னு சொல்வாங்க.”

“எனக்கே தமிழ்ப் பாடமா?” மேனேஜர் செல்போனில் அகராதியைத் திறந்தார். “இதோ. சுள்ளி, காய்ந்த சிறு குச்சி. ஒல்லியா இருக்காங்கன்னு கிண்டல். இதுல விளக்கம் வேற!”

“அண்ணன் மேல தப்பில்ல மேடம்” என்றாள் சுள்ளி.

“நீங்க இருங்க. இனிமே எல்லாரும் உங்க சொந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். மீறினா மாஸ்டருக்குச் சீட்டுக் கிழிஞ்சிடும். எங்க, உங்க பேரைச் சத்தமா சொல்லுங்க.”

“ப... ப... ப்ப...”

கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. பேர் மட்டும் வரவில்லை.

“பார்த்தீங்களா மாஸ்டர்? உங்களுக்குப் பயந்துகிட்டு எப்படி நடுங்கறாங்க!”

மேனேஜருக்கு நல்ல மனசுதான். என்ன, கொஞ்சம் அவசரக்கார மனசு.

கவுன்டரில் ஃபோன் அடித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தாள்.

“வணக்கம், பேக்கரியிலேர்ந்து சுள்ளி பேசறேன்! சொல்லுங்க... எத்தனை கிலோ? மேல என்ன எழுதணும்?”

கடகடவென்று பேசினாள். மேனேஜர் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

“அவங்க முன்னாடி சொல்ல வேணாம்னுதான் பார்த்தேன் மேடம். சொந்தப் பேரோட முதல் எழுத்துலயே நாக்கு மாட்டிக்கும். ஃபோன் எடுத்ததும் பேரைச் சொல்லணுமே, அதனால அடிச்சாலே பின்பக்கம் போய் ஒளிஞ்சுப்பாங்க. வேலையே போற நிலைமை. ஒருநாள் அடுப்புக்குக் குச்சி எடுத்துக் குடுக்கறப்போ, ‘இந்தாங்கண்ணே, சுள்ளி’ன்னாங்க. தடங்கலே இல்லாம வந்துச்சு. ‘இதையே எனக்குப் பேரா வச்சுக்கறேன், எல்லாரும் இப்படியே கூப்பிடுங்க’ன்னு கேட்டதே அவங்கதான்.”

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவங்க பேச்சு பத்திக்க அந்த ஒரு சுள்ளிதான் இருக்கு மேடம். அதைப் பிடுங்கிடாதீங்க.”