வெந்நீர்ப் பை

"வலி எப்படி இருக்காம்?" டாக்டரம்மா இந்த முறையும் எஸ்தரின் கணவனைத்தான் கேட்டார்.

"மாசாமாசம் வர்றதுதான் மேடம். இவளுக்குத் தாங்குற சக்தி கம்மி."

டாக்டரம்மா அதே ஹார்மோன் மாத்திரையை எழுதப் போனார். எஸ்தர் புடவைக்குள் அடிவயிற்றோடு கட்டியிருந்த வெந்நீர்ப் பையை அவிழ்த்தாள். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் அப்போதுதான் கொதிக்கக் கொதிக்க நிரப்பியது.

"இதக் கொஞ்சம் பிடிங்கம்மா."

வாங்கிய வேகத்தில் டாக்டரம்மா கையை உதறினார். பை மேசையில் விழுந்தது.

"எனக்கு இந்தச் சூடு இதமா இருக்கும்மா. அப்ப என் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. பாக்காம மாத்திரை எழுதாதீங்க."

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டரம்மா பேனாவை மறந்து, சிவந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையை எடுத்து மறுபடி வயிற்றோடு கட்டிய பிறகுதான் எஸ்தருக்கு மூச்சு சீராக வந்தது.