கத்தாத வாத்தியார்

இந்தக் காலத்துச் சனத்துக்கு, அடிபடுகிறவன் கத்தினால்தான் அவனுக்கு நோகிறதென்று விளங்குகிறது. சீமோன் முணுமுணுத்தபடி துடைப்பானைப் பிழிகிறார். கனடாவில், ஸ்காபரோவில் வெறுமையாய்க் கிடந்த பண்டகசாலைக்குள் ஆபிரிக்க நாவல் ஒன்றைப் படமாக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் சிந்துகிற சாய இரத்தத்தைத் துடைப்பது அவர் வேலை. வெள்ளை விளக்கின் சூட்டில், நாலாம் முறையாக, இரண்டு ஆமிக்காரர் ஒரு வாத்தியாரைச் சேர்ட்டில் பிடித்து இழுத்துவந்து துவக்குப் பிடியால் விலாவில் இடிக்கிறார்கள். தகரக் கூரை அதிர வாத்தியார் அலறுகிறார். வாயிலிருந்து சிவப்புப் பாகு சீமெந்தில் வழிகிறது. சீமோனின் கை தன்பாட்டில் நெஞ்சுப் பொக்கற்றுக்குள், தொண்ணூறில் கொழும்பில் விட்டுவந்த, ஆமிக்கு நீட்டுகிற அடையாள அட்டையைத் தேடுகிறது. ஓரக் கதிரையில் நாவலை எழுதியவர் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

"அங்கிள், அடிபட்டுச் செத்த வாத்தியார், எழுதினவற்ற சொந்தத் தமையனாம். கடைசிவரை கத்தேல்லையாம், புத்தகத்திலையும் அப்பிடித்தானாம்," என்கிறாள் சாய இரத்தம் கலக்கும் நிரோஷினி. "டிரெக்டர் கேக்கிறாரில்லை. சத்தமில்லாட்டி சனம் அழாதாம்."

"விலா முறிஞ்சவனுக்கு மூச்சே வராது. உவன் என்னெண்டு கத்துறான்?"

துடைப்பானைப் போட்டுவிட்டுச் சீமோன் வெளிச்சத்துக்குள் போகிறார். தன் விலாவிலேயே ஓங்கிக் குத்துகிறார். முழங்காலில் விழுகிறார்; வாய் பிளந்து நிற்கிறது, சத்தம் இல்லை. துவக்கு வைத்திருப்பவன் ஓரடி பின்வாங்குகிறான். எழுத்தாளர் எழுந்து நின்று ஓமென்று தலையாட்டுகிறார். டிரெக்டர் கைதட்டிவிட்டு ஏதோ சொல்கிறார்.

"நல்லா இருக்காம், அங்கிள். ஆனா படத்துக்கு இது காணாதாம், சத்தம் வேணுமாம்."

சீமோன் விலாவைப் பிடித்தபடி வாளியைத் தூக்குகிறார். கதவை எட்டுமுன் பின்னால் ஐந்தாவது அலறல் எழும்புகிறது. அவர் திரும்பவில்லை. "பொய்," என்று துப்பிவிட்டுப் பனிக்குள் இறங்கி நடக்கிறார்.