வேற ஆள் சொல்லுங்க

"எந்த முட்டிங்க? வலதா, இடதா?"

"முட்டி இல்லம்மா, மனசு. எங்க அக்காவுக்கு மனசு சரியில்ல."

"இது முட்டிக்கும் இடுப்புக்கும் பயிற்சி குடுக்குற இடங்க. தெரபின்னு பேரைப் பாத்ததும் எல்லாரும் இங்கதான் அடிக்கிறீங்க."

வைத்துவிட்டாள். டைல்ஸ்காரர் போனை முறைத்தார். பாதி ஒட்டிய குளியலறைத் தரையில், சிமெண்ட் அப்பிய முழங்காலோடு உட்கார்ந்திருந்தார். கூடத்துச் சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, மனசுக்குத் தைலம் தேய்க்கப் போறியா?"

"நீங்க வேற ஏண்ணே! இங்க கலவை காயுது, நான் போன் போட்டே சாகுறேன்."

இந்த ஊருக்கு டைல்ஸ்காரர் புதிது. அக்கா தனியாகக் கிடக்கிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டவர். அக்காவிடம் வந்து போய்க்கொண்டிருந்த பெண் ஒருத்தி திடீரென்று உயிரை மாய்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை. வாசல் மணி அடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. 'நான் கவனிச்சிருக்கணும்டா' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நேற்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, 'இனிமே நான் எதுக்குடா இருக்கணும்?' என்று கேட்டாள். அதைக் கேட்டதிலிருந்து இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

யாரிடமாவது போய்க் காட்டலாம் என்று கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். அதிலும் நிபந்தனை. பஸ் ஏறி வெளியூருக்கு வரமாட்டாளாம், ஏறினாலே நடுங்குகிறதாம். உள்ளூரிலேயே பார்க்க வேண்டும். ஆனால் தான் யார் என்று மூச்சு விடக் கூடாது. 'வெளிய தெரிஞ்சா என் பொழப்பே போச்சுடா' என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

அடுத்த எண். சிமெண்ட் தின்று ரேகை போன விரலை போன் மதிக்கவில்லை. கணுவால் குத்தினார். இரண்டை அழுத்து, நாலை அழுத்து என்று அலைக்கழித்து, வெகுநேரம் பாட்டு போட்டு, கடைசியில் ஒரு குரல் வந்தது.

"புது ஆளுங்களுக்கு மூணு மாசம் ஆகுங்க."

"மூணு மாசம் தாங்குற மாதிரி இருந்தா நான் ஏம்மா உனக்குப் போன் பண்றேன்?"

"அவசரம்னா மரக்கடை மாடியில ஒரு மேடம் இருக்காங்க. ரொம்ப நல்லாப் பாப்பாங்க. நாங்களே அங்கதான் அனுப்புவோம்."

"அவங்க வேணாம். வேற ஆள் சொல்லுங்க."

வேறு ஆள் இல்லை. அடுத்தவர் வீடியோவில் மட்டும்தான் பேசுவாராம். அக்காவோ போனை அணைத்து பீரோவில் போட்டுவிட்டாள். அதற்கடுத்தவர் புருஷன் பெண்டாட்டி சண்டையை மட்டும்தான் பார்ப்பாராம். வைக்கும் முன் இருவரும் சொல்லிவைத்ததுபோல் சொன்னார்கள்: "மரக்கடை மாடி மேடத்தைப் பாருங்களேன்."

"ஏன்யா, இந்த ஊர்ல வேற மாடியே இல்லையா?" என்று அணைந்த போனிடம் கத்தினார்.

பெயிண்டர் பட்டித் தகட்டைக் கீழே வைத்தார். "தம்பி, எல்லாரும் ஒரே ஆளைச் சொன்னா சும்மாவா சொல்லுவாங்க? நானே அவங்ககிட்ட போயிருக்கேன்."

"நீங்களா?"

"சாரம் சரிஞ்சு என் கூட்டாளி என் கண்ணு முன்னால விழுந்தான். அப்புறம் ஏணில கால வெச்சாலே வேர்த்து ஊத்தும். பேய் அடிச்சிருக்குன்னா என் பொண்டாட்டி. அந்த மேடம்தான் வாராவாரம் உக்கார வெச்சுப் பேசி என்னைத் திரும்ப ஏணி ஏத்துனாங்க. இப்பப் பாரு, உச்சில நின்னு பாட்டே பாடுறேன்."

"அந்தப் பாட்டையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம்."

"பேச்சை மாத்தாத. அங்க கூட்டிட்டுப் போக உனக்கு என்ன கேடு? கௌரவமா?"

"அதெல்லாம் இல்லண்ணே. விடுங்க."

"என்னத்த விடுறது? இப்ப லீவுன்னு கதவுல எழுதி ஒட்டியிருக்காங்க. வந்துடுவாங்க. எத்தனையோ பேரு காத்துக்கிட்டிருக்கோம். நீயும் கொஞ்சம் பொறுத்துக்க."

ரப்பர் சுத்தி ஓங்கி விழுந்தது. புது டைல் இரண்டாகப் பிளந்தது.

"பொறு பொறுன்னா எப்படிண்ணே பொறுக்கறது?"

போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மொட்டைமாடிக்கு ஏறினார். கடைசி எண். இந்த முறை பாட்டும் இல்லை, பொத்தானும் இல்லை. வயதான ஒரு குரல், "சொல்லுப்பா, நான் டாக்டர்தான் பேசுறேன்" என்றது.

தூக்கமில்லாதது, நடுக்கம், தள்ளிவிட்ட தட்டு, கேட்ட கேள்வி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினார். டாக்டர் கடைசிவரை கேட்டார்.

"இதைத் தள்ளிப்போடக் கூடாதுப்பா. ஆனா எனக்கு வயசாச்சு, புதுசா யாரையும் பாக்கறதில்ல. இங்கயே மரக்கடை மாடியில..."

"ஐயா, உங்ககிட்ட சொன்னா வெளிய போகாதுல்ல?"

"போகாது. தைரியமா சொல்லு."

படியில் யாரும் ஏறி வரவில்லை என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு வாயைக் கையால் பொத்தி, மெதுவாகச் சொன்னார்:

"அந்த மரக்கடை மாடி மேடம்தாங்கய்யா எங்க அக்கா."