இடப்பக்கக் குஷன்

பழைய லாரியின் கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கிற ரப்பர் குஷன் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அதனால் நானும் அக்காவின் கணவரும் ஒரே கன்வேயர் பெல்ட்டிலிருந்து நான்கு குஷன் வெட்டினோம். எல்லாம் முப்பது மில்லிமீட்டர். கேபினை இறக்கி வைத்த மறுநாள் மூன்று குஷன்கள் இருபத்தெட்டுக்கு அமுங்கியிருந்தன. இடப்பக்கம், டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் அடியில் இருந்தது மட்டும் இருபத்திரண்டு.

வாரக்கடைசியில் பழைய வண்டிகளின் கண்காட்சி. கேபின் சாய்ந்திருந்தால் வண்டியை உள்ளேயே விடமாட்டார்கள். இந்த லாரியைப் புதுப்பித்த மூன்று வருட உழைப்பு போச்சு.

"அத்தான், நைசா வேற ரப்பரைச் சொருகிட்டீங்களா?"

"ஆமா, உன்னைக் கவுக்கிறதுதானே எனக்கு முழுநேர வேலை. அது நீ வெட்டினதுடா."

வலப்பக்கக் குஷனை அங்கே மாற்றினோம். காலையில் அதுவும் இருபத்திரண்டு. வலப்பக்கம் போனது இருபத்தெட்டு.

எனக்கு இன்னும் அவர்மேல்தான் சந்தேகம். இன்று அவர் ஸ்கேலோடு வண்டிக்கடியில் படுத்ததும், சீட்டுக்குக் கீழே எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று பார்க்கப் போனேன். சாய்வில் இறுகிப்போயிருந்த இடப்பக்கக் கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தேன். உள்ளே வெறும் சீட். கேபின் மெதுவாக ஒருமுறை ஆடி நின்றது.

"மாப்ள, இருபத்தெட்டு வந்துடுச்சு," என்று அடியிலிருந்து அத்தானின் குரல் வந்தது. "என்னத்தடா இறக்கின?"