ஏழாம் எண்

“ஏழாம் எண்ணை மூழ்கடிச்சிடலாம்,” என்றான் மந்திரி, பேனா மூடியைக் கடித்தபடி.

நிஜ மந்திரி இல்லை. பன்னாட்டு உறவுகள் துறையில் இரண்டாம் வருட மாணவன். எதற்கும் தலைமை தாங்க முந்திக்கொண்டு நிற்பான். அதனால் வந்த பட்டம்.

இன்றைய பயிற்சி இதுதான். அணை உடையப் போகிறது. ஊர்ப் பெயர் இல்லாத வரைபடத்தில் பகுதிகளுக்கு வெறும் எண்கள். எந்தப் பகுதிக்குள் தண்ணீரைத் திருப்புவது? கடல் தாண்டியிருந்த கூட்டுப் பல்கலைக்கழக மாணவர்களும் சுவர்த் திரையில், வேறொரு வரைபடத்தோடு, இதே தலைவலியில் இருந்தார்கள். முதலில் முடிவெடுக்கும் அணித் தலைவருக்கு எதிர்ப்பக்கப் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் படிக்க இடம். அந்த இடத்துக்காக மந்திரி தவம் கிடக்கிறான்.

“ஏழுல பள்ளிக்கூடம் மாதிரி ஒண்ணு இருக்கேடா,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“காகிதத்துல இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு யாரும் பையைத் தூக்கிட்டுப் போறதில்ல தாயே. நீ கையைத் தூக்கு.”

சிரிப்பு. எல்லாக் கைகளும் எழுந்தன. மந்திரி வரைபடத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்து, ஏழின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டான்.

திரையில் பேச்சு நின்றது.

அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள். இப்போது ஒருவர்கூட அசையவில்லை. எல்லாக் கண்களும் இந்தப் பக்கமே.

“நெட் போயிடுச்சா?”

“இல்லடா. அவங்க ஜன்னல் திரை ஆடுது பாரு.”

மந்திரி கையசைத்தான். பதிலுக்கு ஒரு கைகூட அசையவில்லை. 

“நேரமாச்சு. உங்க முடிவு?” என்று பயிற்சியை நடத்தும் பேராசிரியை திரையைப் பார்த்துக் கேட்டார்.

முன்வரிசைக் கண்ணாடிக்காரி எழுந்தாள். இடம் கிடைத்தால் தங்கள் வீட்டிலேயே தங்கலாம் என்று போன வாரம் திரைவழியே மந்திரியிடம் சொன்னவள்.

“நாங்க எதையும் குறிக்கல மேடம். எங்க கையில இருக்கிறது உங்க ஊரு. போன வாரம் பேசினதும் எல்லாரும் சேர்ந்து இணையத்துல உங்க ஊரைச் சுத்திப் பார்த்தோம். வரைபடத்துல ஆறு வளையுற இடத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு.”

மந்திரி அந்த ஊருக்கு விமானம் எத்தனை மணிக்கு என்று மட்டும்தான் பார்த்து வைத்திருந்தான்.

“ரெண்டுமே நிஜ ஊர்தான். பேரை மட்டும் எடுத்துட்டோம்,” என்றார் பேராசிரியை, குரல் தாழ்ந்து.

“அப்ப... இது?” மந்திரியின் விரல் சிவப்புக் குறியில் நின்றது. மை ஒட்டியது.

கண்ணாடிக்காரி சிரித்தாள். துளி கோபம் இல்லாத சிரிப்பு.

“முதல்ல முடிச்சது நீங்கதானே, கண்டிப்பா வாங்க. அம்மா உங்களுக்கு மாடி ரூமைச் சுத்தம் பண்ணி வெச்சிட்டாங்க. எங்க பகுதியை ஏழாம் எண்ணுன்னு சொன்னா டாக்சிக்காரருக்குத் தெரியாது. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”