வராத கடல்

விசில் அடிச்சாச்சு. கடல் வரல்ல!

மீன்காரன் வேசம் கட்டின பயலுவ மேடையில நின்னு வெறும் வெள்ளத் துணியக் கைகாட்டி, "அய்யோ, புயலு! புயலு!"ன்னு கத்துதானுவ. துணியில ஒரு அலை கெடையாது.

"எங்கடே புயலு? வீட்டுல வச்சிட்டு வந்துட்டியளா?"

கூட்டத்துல ஒருத்தன் கேட்டான். ஒரே சிரிப்பு.

குமாரதாஸ் சார் மறுபடியும் விசில் அடிச்சாரு. மறுபடியும். ம்ஹூம்!

முன்வரிசையில திருவனந்தபுரத்துல இருந்து வந்த கல்வி அதிகாரி. நாடகம் பிடிச்சுப்போனா அங்க கொண்டுபோய்ப் போட வைக்கேன்னு சொன்ன மனுசன். அவரு கொட்டாவி விட்டாரு.

திரை எறங்கிட்டு. எல்லாம் முடிஞ்சுது.

குமாரதாஸ் அந்தப் பள்ளிக்கூடத்து டிராயிங் சார். கண்ணாடியில கடல வரைஞ்சு, துணிக்குப் பின்னால இருந்து வெளிச்சம் பாய்ச்சி, மேடையிலயே அலை அடிக்க வைக்கணும்னு ஒரு மாசமா அதே பைத்தியம். எந்தத் துணி? அதுலதான் சண்டையே!

டிரில் சார் கிளீட்டஸ் முட்டம் கடக்கரைக்காரரு. "வள்ளத்துப் பாய்த்துணி கட்டுவோம் சார். எந்தக் காத்துக்கும் கிழியாது"ன்னாரு.

கட்டிப் பாத்தாச்சு. வெளிச்சம் இந்தப் பக்கம் எட்டியே பாக்கல்ல.

"இது மேடையா, வள்ளமா ஓய்?" குமாரதாஸ் சார் எல்லாரு முன்னாலயும் கேட்டுட்டாரு. கிளீட்டஸ் சார் முகம் சுருங்கிட்டு.

எண்ணெய்க் காகிதம் ஒட்டிப் பாத்தா, நடுவுல விளக்கு மட்டும் முட்டக்கரு மாதிரி தெரிஞ்சுது. காத்தடிச்சா பப்படம் நொறுங்குத சத்தம் வேற.

கடைசியில நைஸ் மல்துணி. அதுல தண்ணி தெளிச்சு நனைச்சாரு பாருங்க... அம்மாடி! கடல்காக்கா கால்நகம் வரைக்கும் தெரிஞ்சுது!

துணிக்குப் பின்னால கொஞ்சம் எடம் விட்டு, பின்சுவரு பக்கம் ஓலைத்தட்டி. அதுல ஒரு ஓட்டை, ஓட்டையில கடல் வரைஞ்ச கண்ணாடி. தட்டிக்கு அந்தப் பக்கம் பெட்ரோமாக்ஸ் வச்ச தகரப்பெட்டி. அதுக்குக் காவலு கிளீட்டஸ் சார். விசில் கேட்டதும் பெட்டி மூடியத் தொறக்கணும். அம்புட்டுதான் வேல.

அந்த மூடியத்தான் மனுசன் தொறக்கல்ல. திரை எறங்கினதும் குமாரதாஸ் சார் அவரு மேல பாஞ்சாரு.

"வேணும்னே செஞ்சீரு ஓய்! ஒம்ம பாய்த்துணிய வேண்டாம்னு சொன்ன வயித்தெரிச்சல்!"

"மறந்துட்டேன் சார்."

"அத்தன விசில் அடிச்சேனே! காது அடச்சுப் போச்சா?"

"மறந்துட்டேன்."

மறுநாள் காலையில ஹெட்மாஸ்டர் ஜெபமணி ரெண்டு பேரையும் மேடைக்கே கூப்பிட்டாரு.

"கிளீட்டஸ், சாயந்தரம் ஸ்கூல் மானேஜர் வாறாரு. நேரா ஒரு காரணம் சொல்லும். இல்லன்னா வேலை போயிரும் ஓய். நாலு பிள்ளயள வச்சிருக்கீரு."

கிளீட்டஸ் சார் வாயத் தொறக்குததுக்கு முன்ன குமாரதாஸ் சார் குறுக்க விழுந்தாரு.

"இவரு எத நாசமாக்கினாருன்னு நீங்களே பாருங்க சார்!"

குமாரதாஸ் சார் சன்னலயெல்லாம் சாத்தினாரு. துணிய நனைச்சாரு. விளக்க ஏத்தி, மூடியத் தொறந்துட்டு முன்னால ஓடி வந்தாரு.

கடல்! துணி முழுக்கக் கடல்! ஹெட்மாஸ்டர் வாயப் பொளந்துட்டாரு.

அப்ப அலைக்கு நடுவுல ஒரு பொம்பளப்பிள்ள நிழலு வந்துது. குனிஞ்சு எதையோ தேடிச்சு. பின்னலு, கம்மலு, இடுப்புல சொருகின தாவணி, எல்லாம் கத்தரிச்சு ஒட்டினது கணக்கா அப்பிடியே தெரியுது.

"என்ன துணி ஓய் இது! வெரல எண்ணிரலாம் போலிருக்கே!" ஹெட்மாஸ்டர் அசந்துபோய்ச் சொன்னாரு.

"யாரு அங்க?" குமாரதாஸ் சார் துணிய ஒதுக்கினாரு.

பூங்கனி. அவருக்க தங்கச்சி. நாடகத்துல ராணி. பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு மேடைன்னு ஒத்தக்கால்ல நின்ன அப்பாகிட்ட, ஒரு கெட்டபேரும் வராது, நான் பொறுப்புன்னு அவரே சம்மதம் வாங்கிக் கூட்டிட்டு வந்த பிள்ள.

"வளையலு விழுந்துட்டு அண்ணே. நேத்து இங்க நின்னுதான் சேலை மாத்தினேன்."

"இங்கயா? பக்கத்து கிளாஸ் ரூமுலல்லா மாத்தணும்?"

"அங்க அதிகாரிக்குக் காப்பியும் பலகாரமும் வச்சிருந்தாவ. இங்க ஒரே கும்மிருட்டு, ஆளும் இல்லன்னு ஓடி வந்தேன். மாத்துத அவசரத்துல வளையலு கலகலன்னு செதறிட்டு."

"எப்ப?"

"நீங்க விசிலு மேல விசிலா அடிச்சியளே, அப்பதான்."

ஹெட்மாஸ்டர் துணியவே பாத்துட்டு நின்னாரு. குமாரதாஸ் சார் மெதுவா கிளீட்டஸ் சார் பக்கம் திரும்பினாரு.

அவரு ஒரு தடவை அந்தப் பிள்ளயப் பாத்தாரு. அவசரமா முந்திக்கிட்டாரு.

"மறந்துதான் போனேன் சார்."

ஒங்களுக்கும் இப்பிடி ஒரு கிளீட்டஸ் சார் வாய்ச்சிருப்பாரு. அவர நீங்க என்ன சொல்லி ஏசினிய?