புதுப்பிக்கும் நாள்

காலையில் அவள் முகம் கழுவினாள், பால் காய்ச்சினாள், அவனுக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டி வைத்தாள். பிறகு கல்யாண மோதிரத்தைக் கழற்றி அலமாரித் தட்டில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் புறப்பட்டாள்.

தினமும் இதேதான். மோதிரத்தை ஏன் கழற்றுகிறாய் என்று அவன் ஒருநாள் கேட்டதற்கு, "எழுதி எழுதி விரல் வீங்குதுங்க" என்றாள். சாயங்காலம் வந்ததும் அதே விரலில் அது வழுக்கிக்கொண்டு ஏறுவதை அவன் பார்க்காமல் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவள் அவள். அவனுடைய லேத் பட்டறைச் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாகப் போய்விடும். "உதவித்தொகை இருக்காம், நீங்க அலைய வேணாம், நானே பார்த்துக்கிறேன்" என்றாள். சொன்னபடி வாங்கியும் விட்டாள். எந்தத் தாளிலும் அவனிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்று அவனும் இருந்துவிட்டான்.

இது கடைசி வருஷம். ஒவ்வொரு பருவமும் கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போய் உதவித்தொகையைப் புதுப்பிக்க வேண்டும். அது நின்றால் படிப்பும் நின்றது.

அதைக் கவனிக்கும் அதிகாரியைப் பற்றி முதலில் அவளேதான் சொன்னாள். "தங்கமான மனுஷங்க. நான் போனா எந்திரிச்சு நாற்காலி இழுத்துப் போடுவாரு."

அந்த நாற்காலி அன்றிலிருந்து அவன் நெஞ்சுக்குள் கிடந்தது.

நேற்றுச் சாயங்காலம் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான். இவன் வாயைத் திறப்பதற்குள் ஒரு குரல், மெத்தென்று, "நாளைக்குக் காலையில வந்துடுங்கம்மா. கையெழுத்து நான் போட்டுத் தர்றேன். நமக்கு யாரும் இல்லைன்னு மட்டும் நினைக்காதீங்க, நான் இருக்கேன்" என்றது.

வைத்துவிட்டான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து "யாருங்க?" என்றாள். "ராங் நம்பர்" என்றான். ராத்திரி முழுக்க அந்தக் குரலுக்கு ஒரு முகம் செய்து பார்த்தான். செய்த முகமெல்லாம் அழகாகவே வந்தது.

பட்டறையில் பக்கத்து மெஷின்காரன் நெட்டையிடம்தான் வாய்விட்டான். நெட்டை மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"நாற்காலியே போடுறானா?"

"ம்."

"நான் ரேஷன் அட்டைக்குப் போய் அரை நாள் நின்னேன். ஒருத்தன் ஸ்டூலைக்கூட நகர்த்தலையே."

"வயசான ஆளா இருக்கும்டா."

"நீ பார்த்தியா?"

"இல்லை."

"அப்ப வாயை மூடு. சண்டை கிண்டையெல்லாம் வேணாம். புருஷன்னு ஒருத்தன் இருக்கான்னு ஒரு தடவை மூஞ்சியைக் காட்டிட்டு வா. தானா விலகிடுவான்."

அது நியாயமாகத்தான் பட்டது. மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அலுவலகக் கதவில் பாதிக்கு மேல் கண்ணாடி. அதிகாரி வயசானவர் இல்லை. தொப்பை இல்லை, இஸ்திரி கலையாத சட்டை, தலையில் முடி முழுசாக இருந்தது. எதிரே அவள். ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்குப் போனால்கூடக் கண்ணுக்கு மை இட்டுக்கொள்கிறவள், இங்கே சாயம்போன சாம்பல் நிற உடுப்பில், குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். அதிகாரி ஒரு தம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் அழுது அவன் பார்த்ததே இல்லை. வாடகை தர முடியாமல் வீட்டுக்காரர் தெருவில் நிறுத்திக் கேட்டபோதுகூட அழவில்லை. தன்னிடம் காட்டாத கண்ணீரை இந்த ஆளிடம் கொண்டுவந்து கொட்டுகிறாளே என்றுதான் அவனுக்கு எரிந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"எந்திரி. வீட்டுக்குப் போகலாம்."

அதிகாரி பேனாவை எடுத்தது எடுத்தபடி நிமிர்ந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் இன்னும் வெறுமையாக இருந்தது.

"யாருங்க நீங்க? இப்படி உள்ள வரக் கூடாது."

"நான் யாரா? இவளைக் கட்டினவன். புருஷன்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், உனக்கு ஆறுதல் சொல்ல இன்னொருத்தன் வேணுமா?"

அதிகாரி அவனைப் பார்த்தார். எதிரே விரித்திருந்த தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவளைப் பார்த்தார்.

அவள் வெட்கப்படுவாள், அல்லது பயப்படுவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அவள் முகத்தில் இரண்டும் இல்லை. அவனை ஒருமுறை ஏறிட்டாள். வீட்டில் அவன் கோபமாக இருக்கும்போது, பொறுங்கள் என்று வாய் திறக்காமல் சொல்வாளே, அந்தப் பார்வை. பிறகு அதுவும் இல்லை.

"அம்மா," அதிகாரியின் குரல் இப்போதும் மெத்தென்றுதான் இருந்தது, "இவர் யாரும்மா?"

அவள் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். தம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

"தெரியலை சார். எங்க வீட்டுக்காரர்தான் செத்து ரெண்டு வருஷம் ஆச்சே."